அட்ரினல் கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட் முதல் அறுவை சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனில், கல்லைப் பற்றிய பத்திக்குக் கீழே ஒற்றை வரியாக வந்து நிற்கும்: "இடது அட்ரினலில் 3.2 செ.மீ. கட்டி." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அட்ரினல் கட்டி கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படித்தான். தேடிப் போனது ஒன்று, அகப்பட்டது வேறொன்று. வயிற்று சி.டி. எடுப்பவர்களில் நூற்றுக்குச் சிலரிடம் இது தென்படும், வயது ஏற ஏறக் கூடும். பெரும்பாலானவை ஹார்மோன் எதுவும் சுரக்காத, புற்றுநோயும் அல்லாத அடினோமாக்கள். அவற்றுக்கு அறுவை சிகிச்சையே வேண்டாம்.

மிச்சமிருப்பவை குறைவு, ஆனால் அவற்றில் வரிசை தவறினால் உயிருக்கு ஆபத்து. ஹார்மோன் பரிசோதனைக்கு முன்னால் ஊசி குத்திச் சதை எடுப்பது, இரத்தக் குழாயை விரிக்கும் ஆல்ஃபா மருந்துக்கு முன்னால் இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா மருந்து கொடுப்பது, உடலின் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்கும் கட்டியை எடுத்துவிட்டு ஸ்டீராய்டு கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவது: இந்த மூன்றும் தவிர்க்கக்கூடிய தவறுகள். கீழே சொல்லும் படிகளை அதே வரிசையில் செய்தால் போதும். மருந்தளவுகளைப் புரிந்துகொள்வதற்காகத்தான் கொடுத்திருக்கிறோம். நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

படி 1: பழைய ஸ்கேன் பதிவான தட்டை (டிஸ்க்) எடுங்கள், ஒரு எண்ணைக் கேளுங்கள்

அட்ரினல் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும், 4, 5 கிராம் எடையுள்ள சுரப்பி. அதன் புறப்பகுதி உப்பையும் பிபியையும் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், கார்டிசால், ஓரளவு ஆண்பால் ஹார்மோன்களைச் சுரக்கும். உட்பகுதி அட்ரினலினும் நார்அட்ரினலினும் சுரக்கும். கட்டி எந்தப் பகுதியில் பிறந்தது என்பதைப் பொறுத்துத்தான் நோயின் முகம் மாறுகிறது.

ஸ்கேனில் முதலில் பார்க்க வேண்டியது அளவை அல்ல, அடர்த்தியை. அதை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் சொல்வார்கள். தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு மைனஸ் 100 அளவில். படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் கட்டி ஒரே சீராக, 10 அலகு அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது கொழுப்பு நிறைந்த அடினோமா. அளவு எதுவானாலும் மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் 2023 ஐரோப்பிய வழிகாட்டுதலின் நிலை.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. சிறுநீரகக் கல்லுக்காக எடுக்கும் சி.டி. வழக்கமாகக் கான்ட்ராஸ்ட் இல்லாமல்தான் எடுக்கப்படுகிறது. அதாவது உங்களுக்குத் தேவையான எண் ஏற்கெனவே அந்தத் தட்டில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தட்டைக் கொண்டுபோய், "கட்டியின் அடர்த்தியை அளந்து எழுதிக் கொடுங்கள்" என்று ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். புதிதாகப் பணம் கட்டி ஸ்கேன் எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

11 முதல் 20 அலகுக்குள், ஒரே சீராக, 4 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இன்னொரு வகைப் படம் எடுக்கலாம், அல்லது 12 மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 20 அலகுக்கு மேலே, 4 செ.மீ.க்கும் மேலே, அல்லது உள்ளே திட்டுத்திட்டாக இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. மறுபடி எடுத்த படத்தில் விட்டம் 20 சதவீதத்துக்கு மேல், அதுவும் குறைந்தது 5 மி.மீ. வளர்ந்திருந்தால் எடுத்துவிடும் பேச்சைத் தொடங்கலாம்.

கான்ட்ராஸ்ட் போட்டு 15 நிமிடம் கழித்துப் பார்க்கும் 'வாஷ்அவுட்' கணக்கு (ஏறிய கான்ட்ராஸ்டில் எவ்வளவு வெளியேறியது என்பது) பல ரிப்போர்ட்டுகளில் வரும். கான்ட்ராஸ்டுக்கு முன் 25, போட்டவுடன் 95, 15 நிமிடத்தில் 45 என்றால், இறங்கியது 50, ஏறியது 70. ஆக 71 சதவீதம். 60-க்கு மேல் போனால் அடினோமா என்ற பக்கம் சாயும். ஆனால் அட்ரினலின் சுரக்கும் ஃபியோக்ரோமோசைட்டோமாவும் (சுருக்கமாக ஃபியோ) சில நேரம் இதே கணக்கைக் காட்டி ஏமாற்றும். இந்த எண்ணை மட்டும் நம்பி ஹார்மோன் பரிசோதனையைக் கைவிடக் கூடாது.

அரிய கட்டிகளைப் படத்திலேயே எவ்வளவு தூரம் அடையாளம் காணலாம்?

மயலோலிப்போமாதான் இவற்றில் மிக எளிது. கொழுப்பும் எலும்பு மஜ்ஜைத் திசுவும் கலந்த கட்டி. உள்ளே தெளிவான கொழுப்பு, மைனஸ் 30-க்கும் கீழே, தெரிந்தால் அதுவேதான். புற்றுநோயாக மாறாது. பெரிதாகி வலித்தாலோ, உள்ளே இரத்தம் கசிந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ மட்டும் எடுக்கலாம். இரண்டு பக்கமும் பெரிய மயலோலிப்போமா இருந்தால் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி இருக்கிறதா என்று 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைப் பார்க்க வேண்டும். சிறுவயதில் கண்டுபிடிக்காமல் விட்டுப்போன அந்தக் குறைபாடு, நாற்பது வயதில் கட்டியாக வந்து கதவைத் தட்டுவது உண்டு.

கேங்க்லியோநியூரோமா நரம்புத் திசுவில் பிறப்பது. இளம் வயதினரிடம் அதிகம். கான்ட்ராஸ்ட் போட்டவுடன் மங்கலாக இருந்து, நேரம் போகப் போகத்தான் மெல்ல நிறமேறும். புள்ளிபுள்ளியாகச் சுண்ணாம்பு தெரியலாம். இரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஊடுருவாது. ஷ்வானோமாவும் நரம்புறைக் கட்டிதான். அதைப் படத்தில் பிரித்தறிவது கடினம், எடுத்தபின் நோய்க்குறியியல் ஆய்வில்தான் பெயர் தெரியும். ஹெமாஞ்சியோமா இரத்தக் குழாய்க் கட்டி. ஓங்கோசைட்டோமா என்னும் அரிய கட்டி பெரும்பாலும் சாதுதான் என்றாலும், புற்றுத்தன்மையை மதிப்பிடும் 'லின்–வைஸ்–பிஸ்செக்லியா' அளவுகோலை வைத்துப் பார்த்தபின்பே அப்படிச் சொல்ல வேண்டும்.

நீர்க்கட்டிகளைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆடு மேய்ப்பவர்கள், பட்டிநாய்களோடு புழங்குபவர்கள் இருக்கும் நம் பகுதியில், சுவர் தடித்த, உள்ளே அறைகள் தெரியும் நீர்க்கட்டி என்றால் ஹைடாடிட் என்னும் நாடாப்புழு நோயை முதலில் நினைக்க வேண்டும். அதில் ஊசி குத்தினால் உள்ளிருக்கும் திரவம் வயிற்றுக்குள் சிந்தும். கடுமையான ஒவ்வாமையும், பல இடங்களில் மறுபடி முளைப்பதும் அதன் விளைவு. அல்பெண்டசோல் தொடங்கியபின் முழுக்கட்டியாக எடுப்பதே முறை.

இரண்டு அட்ரினலும் வீங்கியிருந்து, ஆள் மெலிந்து, தோல் கறுத்து, பிபி தாழ்ந்திருந்தால் அது கட்டி என்று எண்ணி அறுவைக்கு ஓடாதீர்கள். காசநோயும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும் இங்கே அட்ரினலைத் தின்னும். இவர்களுக்கு முதலில் காலை கார்டிசால் பார்த்து, குறைந்திருந்தால் ஹைட்ரோகார்டிசோன் தொடங்க வேண்டும். உடல் கேட்கும் ஹார்மோனைக் கொடுத்துவிட்டுத்தான் கிருமியைத் தேட வேண்டும்.

படி 2: மூன்று ஹார்மோன் பரிசோதனைகள்

கார்டிசால். இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் 1 மி.கி., மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் இரத்தம். கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் அல்லது குறைவாக வந்தால் சுரப்பு இல்லை. கடையில் கிடைக்கும் மாத்திரை 0.5 மி.கி. என்றால் இரண்டு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டுவிட்டு வந்தால் ரிப்போர்ட் தவறாக உயர்ந்து நிற்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்டிசால் பொய்யாகக் கூடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் அல்லது கார்பமசெபின் எடுப்பவர்களின் உடல் டெக்சாமெத்தசோனை வேகமாக எரித்துவிடும். ஓசூர் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் போகிறவர்களுக்கு உடலின் கார்டிசால் கடிகாரமே மாறியிருக்கும். அவர்கள் பகல் ஷிஃப்டுக்கு மாறிச் சில வாரம் ஆனபின் செய்வது நல்லது. மூட்டுவலிக்கென்று பொட்டலத்தில் தரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆல்டோஸ்டிரோன். பிபி இருந்தால், அல்லது பொட்டாசியம் குறைந்திருந்தால் மட்டும். ஆல்டோஸ்டிரோனையும் சிறுநீரகம் சுரக்கும் ரெனினையும் ஒன்றாகப் பார்த்து விகிதம் கணக்கிட வேண்டும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடியபின், சில நிமிடம் உட்கார்ந்து கொடுக்கும் இரத்தம் சரியாக இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டால் மருத்துவரைக் கேட்டு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பொட்டாசியத்தை ஈடுகட்டிய பிறகுதான் பரிசோதனை, அந்த நாட்களில் உப்பைக் குறைக்கவும் வேண்டாம். இருமலுக்கு அதிமதுரம் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு பிபி ஏறிப் பொட்டாசியம் இறங்கும், ஆனால் ஆல்டோஸ்டிரோன் குறைவாகவே இருக்கும். அதை நிறுத்தினால் சரியாகிவிடும், கட்டிமேல் பழி போட வேண்டாம்.

மெட்டாநெஃப்ரின். அட்ரினலின் சிதையும்போது உருவாகும் பொருள். ஃபியோவைப் பிடிக்கும் பரிசோதனை இதுதான். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் 10 அலகுக்குக் கீழே தெளிவாக இருப்பவர்களுக்குத் தேவையில்லை. மற்ற அனைவருக்கும் கட்டாயம், பிபி சாதாரணமாக இருந்தாலும்கூட. இரத்தத்தில் பார்த்தால் 20 முதல் 30 நிமிடம் படுத்திருந்து கொடுக்க வேண்டும். நம் ஊரில் பலரும் 24 மணி நேரச் சிறுநீரில்தான் பார்க்கிறார்கள். அதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது, ஆகவே விரிவாகச் சொல்கிறோம்:

1. லேபில் தரும் கேனில் அமிலம் ஊற்றியிருப்பார்கள். அதைக் கொட்டவோ கழுவவோ கூடாது. கேனுக்குள் நேராகச் சிறுநீர் கழிக்காதீர்கள், தெறித்தால் தோல் வெந்துவிடும். ஒரு மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள்.
2. காலை 6 மணிக்கு எழுந்து கழிக்கும் முதல் சிறுநீர் கணக்கில் வராது, அதைக் கழிவறையில் விடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. அதன்பின் பகலிலும் இரவிலும் கழிக்கும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள் போக வேண்டும். மறுநாள் காலை 6 மணிக்குக் கழிப்பதையும் சேர்த்தால்தான் முடிந்தது.
4. கேன் குளிர்ச்சியாக இருக்கட்டும். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பேருந்தில் கொண்டுவருவதென்றால் ஐஸ் போட்ட பையில் வையுங்கள்.
5. அதே சிறுநீரில் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிதான் சேர்த்தீர்களா, முழுவதுமா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ சாப்பிடும் அமிட்ரிப்டிலின், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் ஆகியவை முடிவைப் பொய்யாக உயர்த்தும். சில லேப் முறைகளில் பாராசிட்டமாலும் குழப்பும். முடிவு இயல்பு எல்லையைவிட மூன்று, நான்கு மடங்கு என்றால் ஏறக்குறைய உறுதி. கொஞ்சமே கூடியிருந்தால் மருந்துகளை நிறுத்தி மறுபடி செய்யுங்கள்.

மெட்டாநெஃப்ரின் முடிவு வரும்வரை ஊசி வழிச் சதைப் பரிசோதனை வேண்டவே வேண்டாம். ஃபியோவில் ஊசி பட்டால் பிபி 250-ஐத் தாண்டி மூளையில் இரத்தக் கசிவு வரை போகலாம். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியும் இதே வெடிப்பைக் கிளப்பும். படபடப்பு, வியர்வை, தலைவலி மூன்றும் விட்டுவிட்டு வருகிற ஒருவருக்கு, கிளினிக்கில் பழக்கமாகப் போடும் ஊசிக்கு முன் "எனக்கு அட்ரினல் கட்டி இருக்கிறது" என்று சொல்வதே பெரிய பாதுகாப்பு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வரும் பிபி மாத்திரை பலரைக் காப்பாற்றுகிறது. ஆனால் முப்பது வயதுக்குள் பிபி வந்தவர், மூன்று மாத்திரை போட்டும் அடங்காதவர், பொட்டாசியம் குறைந்தவர் ஆகியோர் மாத்திரையோடு நின்றுவிடாமல் ஒருமுறை இந்தப் பரிசோதனைகளைச் செய்தே ஆக வேண்டும்.

படி 3: எதை எடுக்க வேண்டும், எங்கே?

ஹார்மோன் சுரக்காத, படத்தில் சாதுவான கட்டியை எடுக்க வேண்டாம். ஃபியோவை எடுத்தே ஆக வேண்டும். 2017 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஃபியோவில் எதையுமே முழுச் சாது என்று சொல்வதில்லை, பரவும் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குப் பரம்பரைக் காரணம் இருப்பதால் மரபணுப் பரிசோதனையும் பேசப்பட வேண்டும்.

ஆல்டோஸ்டிரோன் கட்டியில் இன்னொரு சிக்கல். படத்தில் இடது பக்கம் தெரியும் கட்டி சும்மா இருக்க, வலது பக்கம் சுரந்துகொண்டிருக்கலாம். அட்ரினல் சிரையிலிருந்து (சுரப்பியிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) நேரடியாக இரத்தம் எடுத்து எந்தப் பக்கம் என்று உறுதிசெய்தபின் எடுக்க வேண்டும். 35 வயதுக்குக் கீழே, பொட்டாசியம் குறைந்து, ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி என்றால் இதை விட்டுவிடலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதல்கட்டப் பரிசோதனையும் பரிந்துரையும் தொடங்கலாம். அறுவைக்கு, நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறை தனியாக இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரி அல்லது வேலூர் சி.எம்.சி. போன்ற இடம் ஏற்றது. ஆண்டுக்கு ஆறு அட்ரினல் அறுவைக்கும் குறைவாகச் செய்கிறவர்களிடம் சிக்கல்கள் கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. முன் அனுமதி வாங்கிய பிறகே அட்மிட் ஆகுங்கள். பெங்களூரு பக்கத்தில் இருக்கிறதே என்று ஓசூரிலிருந்து கிளம்புகிறவர்கள், அந்த மருத்துவமனையில் அட்டை செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்.

படி 4: ஃபியோவுக்குத் தயார்செய்வது

அறுவைக்கு 7 முதல் 14 நாள் முன்பே ஆல்ஃபா தடுப்பு மருந்து. ஃபினாக்சிபென்சமைன் 10 மி.கி. இரண்டு வேளையில் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உயர்த்துவார்கள். பிரசோசின் கொடுத்தால் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடுங்கள், எழுந்து நின்றால் மயக்கம் வரும். இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து உப்பும் தண்ணீரும் கூட்ட வேண்டும். பிபிக்காரர் உப்பைக் குறைத்தே பழகியவர், வீட்டில் உப்பு போட மறுப்பார்கள். சுருங்கிக் கிடந்த இரத்தக் குழாய்கள் விரியும்போது அதை நிரப்ப நீர் வேண்டும், இல்லாவிட்டால் கட்டியை எடுத்த நொடியில் பிபி பாதாளத்துக்குப் போகும். இதயக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இந்த அளவை மருத்துவர் மாற்றுவார்.

இதயத்துடிப்பு கூடினால் மூன்று, நான்கு நாள் ஆல்ஃபாவுக்குப் பிறகே பீட்டா மருந்து. முதலிலேயே பீட்டா கொடுத்தால் குழாய்களை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். பிபி எகிறி நுரையீரலில் நீர் கோக்கும். உட்கார்ந்தால் 130/80-க்குக் கீழே, நின்றால் மேல் எண் 90-க்குக் குறையாமல், துடிப்பு உட்கார்ந்தால் 60–70: இதுதான் தயார் என்பதற்கு அடையாளம்.

படி 5: அறுவை அரங்கில்

1992-ல் கனடா அறுவை மருத்துவர் மிஷெல் கான்யே முதன்முதலாக லேப்ராஸ்கோபி வழியே அட்ரினலை எடுத்ததை வெளியிட்டார். இன்று சாதுவான கட்டிகளுக்கு அதுவே வழக்கம். நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மேசையை மடக்குவார்கள். மூன்று, நான்கு சிறு துளைகள், வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டை ஆக்சைடு, 12–15 மி.மீ. பாதரச அழுத்தத்தில்.

இடது பக்கம்: பெருங்குடல் வளைவை இறக்கி, மண்ணீரலைப் பிடித்திருக்கும் பிணைப்பை அறுத்தால் மண்ணீரலும் கணையத்தின் வாலும் தம் எடையாலேயே நடுப்பக்கம் சரியும். கொழுப்புக்குள் கணைய வாலை அட்ரினல் என்று மயங்கி வெட்டுவது இங்கே நடக்கும் தவறு. அட்ரினல் பொன் மஞ்சள், கணையம் வெளிறிய இளஞ்சிவப்பும் மடிப்பும். இடது அட்ரினல் சிரை நீளமானது, உதரவிதானச் சிரையைச் சேர்த்துக்கொண்டு சிறுநீரகச் சிரையில் கலக்கும்.

வலது பக்கம்தான் நெஞ்சு பதறும் இடம். கல்லீரலின் முக்கோணப் பிணைப்பை அறுத்து மேலே தூக்கினால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையின் விளிம்பு நீலமாகத் தெரியும். அட்ரினல் சிரை 1 செ.மீ. கூட நீளமில்லாமல் அதன் பின்பக்கத்தில் நேராகப் போய்ச் சேரும். சுரப்பியை இழுத்தால் அது வேரோடு கிழியும். பெருஞ்சிரையின் பக்கம் இரண்டு கிளிப், சுரப்பியின் பக்கம் ஒன்று, பிறகு வெட்டு. கிழிந்துவிட்டால் இரத்தத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிளிப் போடக் கூடாது. காஸ் வைத்து அழுத்தி, வாயு அழுத்தத்தைக் கூட்டி, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பொறுமையாகப் பார்த்துத் தைக்க வேண்டும்.

கட்டியை நேராகப் பிடிக்கவே கூடாது, சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். உறை கிழிந்து ஃபியோ சிந்தினால் வருடங்கள் கழித்து வயிற்றுக்குள் பல இடங்களில் முளைக்கும். பையில் போட்டே வெளியே எடுக்க வேண்டும். ஏற்கெனவே வயிற்றில் அறுவை நடந்தவர்களுக்கும் இரண்டு பக்கக் கட்டிக்கும் முதுகு வழி முறை வசதி. அதில் நோயாளி குப்புறப் படுத்திருப்பார், அழுத்தம் 20–25. புற்று என்ற சந்தேகம் வலுவாக இருக்கும் பெரிய கட்டிக்குத் திறந்த அறுவைதான்.

படி 6: முதல் நாளிலிருந்து

ஃபியோ: அட்ரினல் சிரையைக் கட்டியதும் பிபி இறங்கும், திரவமும் நார்அட்ரினலினும் கையில் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் முழுக்கச் சுகரை அடிக்கடி குத்திப் பாருங்கள். அதுவரை அடங்கியிருந்த இன்சுலின் திடீரென விடுபட்டு சுகர் தாழும்.

கார்டிசால் கட்டி: மறுபக்க அட்ரினல் தூங்கிப் போயிருக்கும். அரங்கில் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி., பிறகு குறைத்துக் குறைத்து மாத்திரைக்கு மாற்றி, மாதக்கணக்கில் தொடர வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்குங்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மி.கி. ஊசி. தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் அந்த ஊசிமருந்தை வீட்டிலேயே வைத்திருந்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆல்டோஸ்டிரோன் கட்டி: அறுவைக்கு மறுநாளே பொட்டாசியம் மருந்தும் ஸ்பைரோனோலாக்டோனும் நிறுத்தப்படும். இப்போது பொட்டாசியம் ஏறும் ஆபத்து, ஆகவே நான்கு வாரம் வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. பார்க்க வருகிறவர்கள் அன்பாக வாங்கிவரும் இளநீரை, அந்த ரிப்போர்ட் சரியாக வரும்வரை தள்ளிவையுங்கள். பிபி எல்லோருக்கும் முற்றாகக் குணமாவதில்லை. மாத்திரை ஒன்று, இரண்டு குறைந்தாலே வெற்றிதான்.

ஃபியோ எடுத்தவர்கள் 2 முதல் 6 வாரத்தில் மெட்டாநெஃப்ரின் பார்த்து, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது பத்து ஆண்டு தொடர வேண்டும். மரபணுக் கோளாறு இருந்தால் ஆயுள் முழுக்க. நோய்க்குறியியல் ரிப்போர்ட்டின் நகலோடு, எடுத்த சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் எந்த லேபில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்கி, ஸ்கேன் தட்டுகளோடு ஒரே பையில் வையுங்கள். ஐந்தாவது ஆண்டில் புதிய மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.